நொரதுஸ் கற்களும் தாராவி அன்பியமும்

தாராவி, மும்பை
ஜூன் 16, ஞாயிறு, காலைப் பூசை முடிந்து

அன்பு மகள் ஆனிக்கு அப்பா இன்னாசிமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் கேவோர்க்கும் சம்பந்தி வீட்டாரும் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். இந்த இரண்டு வரிக்கே மூன்று தாள் கிழிந்துவிட்டது மக்கா. சுகம் விசாரிக்க ஒரு யோக்கியதை வேண்டுமல்லவா, இரண்டு வருடமாக உன் நம்பரைப் போனில் பிளாக் செய்து வைத்திருந்த ஆள் திடீரென்று எழுந்து சுகமா என்று கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். சிரித்துக்கொள், இந்தக் கடிதத்தில் சிரிக்க நிறைய இருக்கிறது, எல்லாம் என்னைப் பற்றித்தான். பிளாக் செய்யத் தெரிந்த எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. நேற்று அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்ததில் ரேஷன் கடைக்காரர் நம்பரும் சேர்ந்து பிளாக் ஆகிவிட்டது. அதனால்தான் தபால். மேலும் நீ எழுதியது பதினொரு கடிதம், அதற்கு ஒரு கடிதமாவது பதில் போடாமல் போனில் அலோ சொன்னால் மரியாதையாக இருக்காது.

போன வாரம் இங்கே மழை இறங்கிவிட்டது, சந்தில் கணுக்கால் வரை தண்ணீர், தகரத்துக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்டுச் செங்கல் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் வலி போய்விடுகிறது. எதிர்மாடியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறானே என் கூட்டாளி அபுதாஹிர், அவன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான். இவனைப் பற்றிப் பின்னால் வருகிறது. விக்ரோலி கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு எனக்கு வேலை என்று பார்த்தால் காலையில் பேப்பர், சாயந்திரம் அபுதாஹிர் பட்டறை வாசலில் ஒரு கட்டிங் சாய், நடுவில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்வது, இவ்வளவுதான். கம்பெனி அனுப்பிய ஆர்மீனியா ப்ராஜெக்ட் ஆனிக்கு இன்னும் முடியவில்லை என்பது என் பொய். இரண்டு வருடமாக அதே ப்ராஜெக்ட். ஒருநாள் அபுதாஹிர் கேட்டான், அப்படி என்ன ப்ராஜெக்ட் வேய், அந்த ஏரிக்கு அணை கெட்டுதாளா உம்ம மக என்று. அவனுக்கு அங்கே ஏரி இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்தது குவாலிட்டி செக்கிங் வேலை, நம்புவாயா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கோயிலில் அந்தோணியார் திருவிழா நவநாள். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் ஒன்பது நாளும் பூசைக்குப் பிறகு ஒவ்வொரு அன்பியமும் ஒரு நாட்டின் திருச்சபையைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று அறிவித்துவிட்டார். நம் சந்தில் இருக்கும் இருபத்திரண்டு வீடும் சேர்ந்த அன்பியம்தானே நம்முடையது, அதற்குச் சீட்டு எடுத்தது உன் அம்மா சவரியம்மாள். பிரித்தால் ஆர்மீனியா. அன்பியத் தலைவர் செல்வம் உடனே எழுந்து, வேற யாரு பேச, இன்னாசி அண்ணாச்சி மக அங்கதானே இருக்கா, அவரே பேசட்டும் என்றார். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன், மேடை என்றால் எனக்கு உள்ளூர ஒரு ஆசை உண்டு என்பது உனக்குத் தெரியும். இன்டர்நெட்டில் பார்த்து நாலு வார்த்தை பேசிவிடலாம், முந்நூற்றி ஒன்றாம் வருடமே கிறிஸ்தவத்தை ஏற்ற முதல் நாடு, ராஜா பெயர் இது, பிஷப் பெயர் இது என்று முடித்துவிடலாம் என்று நினைத்தேன். செல்வம் விடவில்லை. அதெல்லாம் போன்லயே இருக்கு அண்ணாச்சி, அங்க சின்னச் சின்ன ஊரு எப்படி இருக்கு, ஜனங்க என்ன கதை சொல்லுதாங்க, அதைச் சொல்லுங்க, உங்க மக எழுதியிருப்பாளே என்றார்.

எழுதியிருக்கிறாள். எழுதியதை நான் பிரிக்கவில்லை. உன் ஒவ்வொரு கடிதத்தையும் தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார், நான் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் குடில் சாமான் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைக்கோலுக்கு அடியில் போட்டுவிடுவேன். குடில் கட்டுவது நம் வீட்டில் என் வேலை, வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார்கள் என்பது என் எண்ணம். உன் மாமியார் பின்னிய கம்பளிக் காலுறை வந்த பார்சலும் அதில்தான் இருந்தது, அதையும் பிரிக்கவில்லை, ஏதோ மெத்தென்று இருக்கிறது என்று அமுக்கிப் பார்த்ததோடு சரி. கடிதத்தை ஏன் கிழித்துப் போடவில்லை என்று நீ கேட்கலாம். கிழிக்கக் கை வரவில்லை. பிரிக்கவும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கன்னி மரியாளுக்கும் கழுதைக்கும் காவலாக இரண்டு வருடம் கிடந்தது. அம்மா மார்க்கெட்டுக்குப் போன மத்தியானம் பெட்டியைத் திறந்து பதினொன்றையும் கட்டிலில் அடுக்கினேன். ஒரு விஷயம் என்னை உருக்கிவிட்டது, எல்லா உறையின் வாயிலும் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பார்த்தாயா, ஆர்மீனியாக்காரர்களும் நம்மைப் போலச் சோறு வைத்துத்தான் கவர் ஒட்டுகிறார்கள், உலகத்தில் ஏழை வீட்டுப் பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைத்துக் கண் கலங்கினேன். பேச்சில் சேர்க்கவேண்டிய பாயிண்ட் என்று பேனாவால் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு நான்கு நான்கு பக்கமாக எழுதியிருக்கிறாய். எனக்குத் தமிழில் கடிதம் வந்தால்தான் பிடிக்கும் என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து எழுதினாயா? முதல் கடிதத்தில் கவார் டவுனைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லைக்கு அந்தப் பக்கம் பயசித் என்ற ஊரில் இருந்து இருநூறு வருடத்துக்கு முன்னால் மாட்டு வண்டியில் கிளம்பி வந்த ஜனங்கள் அந்த இடத்தில் குடியேறிப் புதுப் பயசித் என்று பேர் வைத்தார்கள், சோவியத்துக்காரர்கள் வந்து வேறொரு பேர் வைத்தார்கள், அப்புறம் கவார் ஆயிற்று என்று. இங்கே நம் ஸ்டேஷன்களுக்கு மாற்றாத பேரா, அபுதாஹிர் இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறான். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பனிக்காலத்தில் திரும்புவான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எங்கள் அப்பா திசையன்விளைப் பக்கத்தில் இருந்து ரயிலேறி இங்கே வந்து வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போன கதையை நீ அங்கே உட்கார்ந்து எழுதுகிறாயோ என்று இருந்தது. சேவான் ஏரியில் இருந்து சோவியத் காலத்தில் தண்ணீரை இழுத்ததில் ஏரி இருபது மீட்டர் கிட்டே இறங்கி, தீவில் இருந்த மடம் கரையோடு ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். ஏழு தீவுக்கும் நடுவில் மண் போட்டு மூடி உண்டாக்கிய பம்பாயில் இருந்துகொண்டு இதற்கு நான் ஆச்சரியப்பட முடியாது, இருந்தாலும் ஆச்சரியப்பட்டேன். ஏரி ரோட்டில் மீன் விற்பவர்கள் கார் வந்தால் இரண்டு கையையும் அகல விரித்து மீன் இவ்வளவு பெரிசு என்று காட்டுவார்கள், போய்ப் பார்த்தால் சாண் அளவுதான் இருக்கும் என்று எழுதியிருந்தாயே, அங்கே போனால் எனக்கு அந்த வேலை நன்றாக வரும்.

ஹைராவாங்க் கதையை நான் மூன்று தடவை படித்தேன். ஏரிக்கரைப் பாறையில் இருக்கும் சின்ன மடம், படையோடு வந்த தைமூர் ராஜா அங்கே ஒரு சாமியார் தண்ணீர் மேல் நடந்து போவதைப் பார்த்துப் பயந்துபோய், என்ன வேண்டும் கேள் என்றாராம், சாமியார் இந்தக் கோயிலுக்குள் எத்தனை பேர் பிடிக்குமோ அத்தனை பேரை விட்டுவிடு என்றாராம், ஜனங்கள் உள்ளே போகப் போகக் கோயில் நிறையவே இல்லை, உள்ளே போனவர்களை எல்லாம் சாமியார் புறாவாக்கி ஜன்னல் வழியாகப் பறக்க விட்டுவிட்டார் என்று அங்கே சொல்கிறார்களாம். இதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். பத்துக்குப் பத்து அறையில் பதினாலு பேரைப் பிடிக்க வைப்பது தாராவியில் தினசரி நடக்கிறது, புறா ஆக்குவது மட்டும்தான் நமக்குத் தெரியாது என்று ஒரு சிரிப்பும் எழுதி வைத்தேன்.

அடுத்து உன் ஊர் நொரதுஸ். அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் எண்ணூறுக்கு மேற்பட்ட சிலுவைக் கற்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செதுக்கியதும் உண்டாம், ஒன்றைப் போல் ஒன்று இல்லையாம். அந்தக் கல்லுகளுக்கு நடுவில் கிழவிகள் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னி விற்பார்கள், அதில் ஒருத்தர் உன் மாமியார். ஒரு சமயம் சத்துரு சேனை வந்தபோது ஊரில் ஆள் பத்தாமல், ஜனங்கள் அந்தக் கற்களுக்குத் தலையில் இரும்புத் தொப்பி போட்டுப் பக்கத்தில் வாளைச் சாத்தி வைத்தார்களாம், தூரத்தில் இருந்து பார்த்த சேனை பெரிய பட்டாளம் நிற்கிறது என்று பயந்து திரும்பிப் போய்விட்டதாம். உங்கள் ஆபீஸ் பிக்னிக்கில் இந்தக் கதையைச் சொல்லிக் கற்களைச் சுற்றிக் காட்டிய பள்ளிக்கூடச் சரித்திர வாத்தியார்தான் கேவோர்க் என்பதையும் அந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். கேவோர்க் என்றால் ஜார்ஜ் என்று நீ எழுதியிருந்தாய். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நீ சொல்ல வந்தபோது நான்தானே கேட்கவில்லை.

மூன்றாவது கடிதத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது சிரிப்புக் காட்ட வரவில்லை, பொறுத்துக்கொள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாமியாரின் கல்லறை இருக்கிறது, தொண்ணூறு வயதில் சாவுக்குப் பயமில்லாமல் தன்னை உயிரோடு புதைக்கச் சொன்னவர் என்பது ஊர்க் கதை, பயம் உள்ளவர்கள் என்னிடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம், இன்றைக்கும் ஆட்கள் அங்கே போய்க் கல்லறையில் தண்ணீர் ஊற்றி, அதைக் கொஞ்சம் குடித்து, முகத்தில் தடவி, கொண்டுபோன கண்ணாடி டம்ளரை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு வருவார்கள், பயம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். அப்புறம் எழுதியிருந்தாய், நானும் ஒரு டம்ளர் உடைத்தேன் அப்பா, உடைத்துவிட்டு அங்கே நின்றுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன், பயம் போய்த்தான் இருந்தது, உங்கள் குரலைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டது என்று. நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பது எனக்கு மறக்கவில்லை. அம்பர்நாத்தில் இருக்கும் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பையன் சாஜன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள், நீ யாரோ வேறு நாட்டுக்காரனைச் சொல்கிறாய், இனிமேல் இந்த நம்பருக்குப் போன் பண்ணாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, திரும்ப அடிப்பாய் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் இருந்து ஒரு பேச்சும் கேட்காத பிள்ளை அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுவிட்டாய். ஒரு மாதம் கழித்து நானே பிளாக் போட்டேன், எதற்குத் தெரியுமா, பிளாக் போட்டிருப்பதால்தான் போன் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாமே என்று. சாஜனுக்கு அதற்கப்புறம் மூன்றாம் மாதமே கல்யாணம் ஆகிவிட்டது, நான் போய் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது. உன்மேல் இருந்த கோபத்துக்கு அன்றைக்கே காரணம் தீர்ந்துவிட்டது மக்கா, கோபத்தைக் கீழே வைக்கத்தான் வழி தெரியவில்லை. கடைசிக் கடிதத்தில் செப்டம்பர் முதல் வாரம் பிரசவம் என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதியதைப் படித்துவிட்டு, அம்மா வரும் சத்தம் கேட்டு எல்லாவற்றையும் வாரிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டிவி போட்டு உட்கார்ந்தேன். டிவியில் மராத்தி சமையல் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதற்கு அழுதுகொண்டிருந்தேன். உன் அம்மா பையில் இருந்து காயை எடுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பேச்சு. வெள்ளைச் சட்டை, கம்பெனியில் ரிட்டயர் ஆனபோது கொடுத்த வாட்ச், கையில் இரண்டு தாள். கோயில் ஹால் நிறைந்திருந்தது, ஆண்கள் பக்கத்தைவிடப் பெண்கள் பக்கம் அதிகம், சீத்தா கேம்ப்பில் இருந்தெல்லாம் உன் அம்மாவின் ஜெபமாலைத் தோழிகள் வந்திருந்தார்கள். நம்ம பேச்சுக்கு இவ்வளவு கிராக்கியா என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அபுதாஹிர் கூடப் பட்டறையை மூடிவிட்டு வாசலில் வந்து நின்றான். புறாக் கதை சொன்னேன், கை தட்டினார்கள். சோற்றுப் பருக்கை பாயிண்டைச் சொன்னேன், ஆர்மீனியர்களும் நம்மைப் போலச் சோறு வைத்தே கவர் ஒட்டுகிறார்கள் என்று உணர்ச்சியோடு சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரேயடியாகச் சிரிப்பு, ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிறார்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உன் அம்மா குனிந்துவிட்டாள். பேச்சு ஏக்தம் ஹிட் ஆகிவிட்டது என்று நான் இன்னும் குரலை உயர்த்தினேன். நொரதுஸில் எண்ணாயிரம் சிலுவைக் கற்கள் என்று வாய் தவறிச் சொன்னேன், கிளாரா டீச்சர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே, எண்ணூறு அண்ணாச்சி, எண்ணூறு என்றார். டீச்சருக்குப் பொது அறிவு ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு, நன்றி டீச்சர் என்று சொல்லி மேலே போனேன். தொப்பி போட்ட கற்களின் கதையைச் சொல்லி முடித்து அந்த வேகத்திலேயே, இதையெல்லாம் நம்ம மருமகன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரு என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்படியே நின்றேன்.  இரண்டு வருடம் ராத்திரி பகலாகக் கட்டிக்காத்த ரகசியம், மைக்கில் போய்விட்டது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தேன், தாளைப் பார்த்தேன், தாளில் அடுத்து தேங்க் யூ என்றுதான் எழுதியிருந்தது. அப்போது வாசலில் இருந்து அபுதாஹிர் சத்தமாகச் சொன்னான், என்னவேய் இப்பிடி முழிக்கீரு, அந்தக் கல்யாணத்துக்கு நாங்க கேக்கே தின்னாச்சு வேய் என்று. ஹால் முழுக்கச் சிரித்தது மக்கா, பங்குச் சாமியார் மேஜையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நீ உன் கல்யாணத்தை நொரதுஸ் மாதா கோயிலில் வைத்த அன்றைக்கே உன் அம்மா அபுதாஹிர் பட்டறையில் வைத்துக் கேக் வெட்டி இருபத்திரண்டு வீட்டுக்கும் கொடுத்தாயிற்று, எனக்கும் ஒரு துண்டு வந்தது, யாருக்கோ பிறந்தநாள் என்றார்கள், நானும் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன். உன் கடிதம் ஒவ்வொன்றும் வந்த மறுநாளே குடில் பெட்டியில் இருந்து வெளியே வந்து, அன்பியத்து ஜெபமாலை முடிந்ததும் கிளாரா டீச்சர் குரலில் எல்லாருக்கும் வாசித்தாயிற்று, அப்புறம் உன் அம்மா சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டித் திரும்ப வைக்கோலுக்கு அடியில் வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அபுதாஹிருடைய போனில் இருந்து உன் அம்மா உன்னோடு பேசிக்கொண்டும் இருக்கிறாள். அன்றைக்குச் சீட்டு போட்ட டப்பாவில் இருந்த ஒன்பது சீட்டிலும் ஆர்மீனியா என்றுதான் எழுதியிருந்ததாம், செல்வம் இதைச் சொல்லும்போது கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. ஏழாம் மாசம் நெருங்குது, மனுசன் கடிதத்தைப் பிரிக்காம இருந்தா பிள்ளைக்கு யாரு வளையல் போடப் போறது, அதான் இந்த ஏற்பாடு என்றார். வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மாவிடம் கோபமாகக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் சொன்னாள், அந்தக் கதையில சேனையாவது கல்லைப் பாத்து ஏமாந்துச்சு, உங்களைப் பாத்து இந்தச் சந்துல ஒரு பூனைகூட ஏமாறல என்று.  எனக்குக் கோபம் வரவேண்டும் என்று கொஞ்ச தூரம் முயற்சி செய்தேன், வரவில்லை, அதற்குப் பதில் இரண்டு வருடமாகச் சுமந்ததைக் கீழே வைத்த மாதிரி தோள் லேசாக இருந்தது. வீட்டுக்குள் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை என்னை மன்னிப்பாளா சவரியம்மா என்று கேட்டேன். அதை நீங்க அவகிட்டத்தான் கேக்கணும் என்று சொல்லிவிட்டுப் பீரோவில் இருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள், அவளுடையது. போன வருடம் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து சவரியம்மாள் யார் என்று கேட்டார், நான் ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து உட்கார வைத்து டீ கொடுத்து, இவள் ரொம்ப நல்லவள் சார், முப்பது வருடமாக எனக்குத் தெரியும் என்று சாட்சி சொன்னேன். அது இந்தப் பாஸ்போர்ட் விசாரணைக்குத்தான்.

கடைசிக் கடிதத்தில் நீ கேட்டிருந்ததற்கு இப்போது பதில். ஏழாம் மாதம் தாய்வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போவது வழக்கம், எட்டு மணி நேரம் பிளேனில் உட்கார டாக்டர் வேண்டாம் என்கிறார், கூட்டிப்போக முடியாவிட்டால் வந்தவர்கள் அங்கேயே தங்கலாம் என்று வழக்கத்தில் இடம் உண்டா அப்பா என்று கேட்டிருந்தாய். உண்டு. இல்லாவிட்டாலும் இப்போது உண்டாக்கிக்கொள்வோம், பங்குச் சாமியாரே சரி என்றுவிட்டார், அன்பியத்தார் பெண்டுகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே மாட்டுங்காவில் போய்ப் பச்சையும் சிவப்புமாக நாலு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்துவிட்டார்கள், உன் கை அளவு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பாஸ்போர்ட் தட்காலில் போட்டிருக்கிறது, போட்டோவில் கண்ணை மூடிவிட்டேன், இரண்டாவது தடவையும் மூடிவிட்டேன், மூன்றாவதில் ரொம்ப விழித்து, பார்த்தால் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள் போல இருக்கிறது. ஜூலை பதினைந்துக்குள் வந்துவிடுவோம், நடுவில் ஒரு ஊரில் பிளேன் மாற வேண்டுமாம், தாதரில் ரயில் மாறுவதைப் போலத்தான் என்று அபுதாஹிர் தைரியம் சொல்கிறான், அவனும் பிளேனில் போனதில்லை. உன் மாமியாரின் காலுறையை இப்போதே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், தாராவியில் ஜூன் மாதத்தில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கச் சந்தில் வந்து போகிறார்கள்.

உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் இருந்தால் சொல்லாமல் இருக்க முடியாது. ஏரிக்காற்றுக்குக் காதை மூடிக்கொள். தோட்டத்தில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்குகிறேன் என்று ஒன்பதாவது கடிதத்தில் எழுதியிருந்தாய், அது வேண்டாம், மருமகன் தூக்கட்டும். பால் குடி, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. கல்லறைத் தோட்டத்துப் பாதை கல்லும் முள்ளுமாக இருக்கும் போலிருக்கிறது, மெதுவாக நட. மருமகனிடம் சொல், அவர் சரித்திரம் சொன்னால் நான் குறுக்கே பேசாமல் கேட்பேன், தப்பாகச் சொன்னால் திருத்த நம் அன்பியமே இருக்கிறது. சம்பந்தி அம்மாவுக்கு என் நமஸ்காரம், காலுறை அளவு மிகச் சரி. அவருக்குத் தோல் பை ஒன்று அபுதாஹிர் தைத்துக்கொண்டிருக்கிறான், உனக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு, கருவாடு கேட்காதே, பிளேனில் விடமாட்டார்கள் என்று செல்வம் பயமுறுத்துகிறார், ஆனாலும் நீ கேட்டால் கொண்டுவருவேன்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும், அந்தோணியார் உங்கள் வீட்டில் காணாமல் போனதை எல்லாம் கண்டெடுத்துத் தரட்டும், எங்களுக்குத் தந்ததைப் போல. இந்தக் கடிதம் தபாலில் மூன்று வாரத்தில் வரும், ஆனால் உறை ஒட்டுவதற்கு முன்னாலேயே உன் அம்மா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள், அன்பியத்தாரும் ஒருதரம் வாசித்துவிடுவார்கள், அதை நினைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. மறக்காமல் ஒரு காரியம் மட்டும் செய். மும்பையில் இருந்து நான் கொண்டு வந்தால் வழியில் உடைந்துபோகும், அதனால் அங்கே கடையில் சாதாரணக் கண்ணாடி டம்ளர் ஒன்று வாங்கி வை. வந்து இறங்கியதும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதே, முதலில் அந்தச் சாமியார் கல்லறைக்குக் கூட்டிப் போ. டம்ளரை அங்கே உடைத்துவிட்டு அப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சூ. இன்னாசிமுத்து